இருண்ட ஆற்றல் தளர்கிறதா, இல்லையா?

கொருக்குப்பேட்டை மாடி:
நேற்று ராத்திரி கரண்ட் போனதும் பையனோடு மொட்டைமாடிக்குப் போனேன். "இந்த நட்சத்திரமெல்லாம் ஒருநாள் விலகிப் போய்டுமாப்பா" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். 1998-இல் தொலைதூர சூப்பர்நோவாக்கள் (வெடித்துச் சிதறும் நட்சத்திரங்கள்) கணக்கிட்டதைவிட மங்கலாகத் தெரிந்தன, அதாவது பிரபஞ்சம் விரிகிற வேகம் குறையாமல் கூடுகிறது. கடைசியில் இருட்டும் குளிரும்தான். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

காசிமேட்டுக்காரன்:
அண்ணே, முதலில் பையனிடம் திருத்திச் சொல்லுங்கள். மாடியிலிருந்து நாம் பார்க்கிற நட்சத்திரம் அத்தனையும் பால்வீதிக்குள் இருப்பவை, ஈர்ப்பு அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கிறது. 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஆண்ட்ரோமெடாகூட விலகிப் போகாது. விலகுவது பால்வீதியும் ஆண்ட்ரோமெடாவும் அடங்கிய நம் கூட்டத்துக்கு வெளியே உள்ள கேலக்சிகள். அப்புறம், பிரபஞ்சத்தை இப்படி வேகமாக விரியத் தள்ளுவதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றல் என்றைக்கும் அப்படியே இருக்கும் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரிசோனாவில் உள்ள டெசி கருவி கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி கேலக்சிகளையும் குவேசார்களையும் (மிகப் பிரகாசமாக ஒளிரும் தொலைதூர கேலக்சி மையங்கள்) அளந்து 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவு, இருண்ட ஆற்றல் தளர்ந்து வருகிறது என்ற பக்கம்தான் சாய்கிறது.

திருவொற்றியூர் கணக்கு:
தம்பி, சாய்வதும் நிரூபணம் ஆவதும் ஒன்றா? டெசி அளவீடு தனியாக நின்றால் மாறாத இருண்ட ஆற்றலோடு ஒத்துப்போகிறது. மற்ற அளவீடுகளைச் சேர்த்தால்தான் முரண் வருகிறது, அதுவும் மூன்று சூப்பர்நோவாத் தொகுப்புகளில் எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 சிக்மாவிலிருந்து 4.2 வரை ஆடுகிறது. சிக்மா என்பது ஒரு முடிவு தற்செயலாக வந்ததல்ல என்பதற்கான அளவுகோல், எண் கூடக்கூட உறுதி கூடும். கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 வேண்டும். ஒரே மீனை மூன்று தராசில் நிறுத்து மூன்று எடை வந்தால் நான் தராசைத்தான் சந்தேகப்படுவேன்.

காசிமேட்டுக்காரன்:
சந்தேகம் நியாயம்தான். ஆனால் மூன்று தராசும் ஒரே பக்கம்தானே சாய்கிறது? சூப்பர்நோவாவே வேண்டாம், டெசியையும், பிரபஞ்சத்தின் ஆரம்ப காலத்து மிச்ச ஒளியான பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சையும் மட்டும் சேர்த்தாலே 3.1 சிக்மா வருகிறது. அதை எந்தத் தராசின் தலையில் போடுவீர்கள்?

கொருக்குப்பேட்டை மாடி:
அப்போ மறுபடி சுருங்கிவிடுமா?

திருவொற்றியூர் கணக்கு:
இல்லை. தளர்ந்தாலும் விரிவு நிற்காது, வேகம் கூடுவதுதான் மட்டுப்படும். தட்டையான, அதாவது வெளி வளையாத, பிரபஞ்சம் சுருங்க வேண்டுமானால் அந்த ஆற்றல் எதிர்க்குறிக்கே போக வேண்டும், அப்படி எந்த அளவீடும் காட்டவில்லை. அந்த 3.1-க்கு மட்டும் என்னிடம் இப்போது பதில் இல்லை தம்பி, 2023-இல் ஏவிய யூக்ளிட் தொலைநோக்கியின் கணக்கும் வரட்டும், பார்க்கலாம்.

கொருக்குப்பேட்டை மாடி:
சரி, பையன் ஸ்கூலிலிருந்து வந்ததும் நட்சத்திரம் எங்கேயும் போகாது என்று சொல்லிவிடுகிறேன்.