‘ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அ. எழுதியது:

நண்பர்களே, வணக்கம். சிற்றூர் ஒன்றின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை விரிவாக்குகிறார்கள். வீடுகள் பெருகிவிட்டன, இருக்கிற ஒரே காற்றூட்டத் தொட்டி தாங்கவில்லை, பக்கத்தில் இன்னொன்று எழும்புகிறது. ஆபரேட்டர்களுக்கான கையேடு என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். அந்தத் தொட்டியில் கழிவுநீரைத் தெளியவைக்கும் வண்டல்தான் ‘ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்’; அது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘கிளர்வுற்ற கசடு’ என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த ஆபரேட்டர், “கசடு கிளம்பி மேலே வந்துட்டா அது கோளாறு ஆச்சே சார்?” என்றார். அதோடு அந்தச் சொல் செத்தது.

இரா. எழுதியது:

‘கிளர்வுற்ற’ போகட்டும். ‘கசடு’ மட்டும் என்ன வாழ்கிறது? ‘கற்க கசடற’ என்னுமிடத்தில் அது குற்றம். வேலை செய்யும் பொருளுக்குக் குற்றம் என்றா பெயர்? சேற்றுக்கு ‘அளறு’ என்ற சொல் இருக்கிறதே, வள்ளுவரே ஆண்டது. அது பிடிக்காவிட்டால் ‘மண்டி’. மண்டுதல் நெருங்கிச் சேர்தல். அடியில் மண்டுவது மண்டி. ‘சுத்திகரிப்பு’ பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

ம. எழுதியது:

ஐயா, ‘ஒருமைச் செயலாற்றும் பேதை’ குறளில் அளறு நரகம். ஆபரேட்டரை எட்டு மணி நேரம் அதன் கரையில் நிற்க வைக்கலாமா? :-) சுத்திகரிப்பு மடலை அடுத்த வாரம் வைத்துக்கொள்வோமே.

செ. எழுதியது:

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பாருங்கள். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் சாக்கடை நீரில் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். முதல் தடவை முழுதாகத் தெளிய ஐந்து வாரம் போலப் பிடித்தது. தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கியதைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன்மேலேயே புது நீரை விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நேரம் குறைந்தது. கடைசியில் 24 மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. தங்கியதில்தான் சூட்சுமம். அது நுண்ணுயிர்த் திரள். ‘ஆக்டிவேட்டட்’ என்றது அதைத்தான், கலக்கிவிட்டதை அல்ல.

ஒரு லிட்டர் குவளையில் தொட்டி நீரை எடுத்து 30 நிமிடம் ஆடாமல் வையுங்கள். பழுப்பு நிறத்தில் பஞ்சு பஞ்சாகத் திரண்டு இறங்கும், மேலே நீர் தெளிந்து நிற்கும். சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் வோர்ட்டிசெல்லா என்ற நுண்ணுயிர் தன் காம்பைச் சுருட்டிச் சுருட்டி இழுக்கும். இதற்கா அளறு?

இன்னொன்று. புதுத் தொட்டிக்குப் பழைய தொட்டியிலிருந்து இதை எடுத்து விட்டால் சீக்கிரம் தேறும். காற்றூட்டியபின் கசடு படிந்து நீர் தெளிவது தெளிதொட்டியில்; அதன் அடியிலிருந்து இரண்டு குழாய்: ஒன்று காற்றூட்டத் தொட்டிக்குத் திருப்புவது, மற்றது மிச்சத்தை வெளியேற்றுவது. விரிவாக்கத்தில் வால்வுகள் இரட்டிப்பாகும். பெயர் குழம்பித் திருப்ப வேண்டியதை வெளியேற்றினால் சில நாளில் தொட்டியில் வெறும் சாக்கடைதான் இருக்கும். எனக்கு இந்த இரண்டு பெயரும்தான் கவலை.

ம. எழுதியது:

அப்படியானால் உயிர்க்கசடு. திரும்புவது மீள்கசடு, வெளியேற்றுவது கழிகசடு. காதுக்கும் வேறுவேறாக இருக்கின்றன.

இரா. எழுதியது:

அருமை. கசடு மேல் இருந்த கோபத்தை விட்டேன். ஆனால் அந்த ‘க்’ எதற்கு? உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல், நெட்டுயிர்ப்பை நினையுங்கள். காற்றை ஊட்டுகிறோம், அது உயிர்க்கிறது. உயிர்த்த, உயிர்க்கிற, உயிர்க்கும் கசடு: வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ‘வெடிகுண்டு’ போல ‘உயிர்கசடு’. மீள்கசடும் கழிகசடும் வினைத்தொகைதானே? மூன்றும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் நிற்கும்.

செ. எழுதியது:

பொருள் அளவில் இரா. ஐயா சொல்வது சரி. அந்தக் கசடு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஆக்சிஜன் உறிஞ்சுகிறது என்றே அளக்கிறோம். ஆனால் ‘க்’ இல்லாமல் போட்டால் அச்சுப்பிழை என்று எவராவது திருத்திவிடுவார்.

ம. எழுதியது:

அது மட்டுமா, இன்றைக்கு ‘உயிர்த்தல்’ என்றாலே செத்துப் பிழைப்பது என்றுதான் படும். ‘உயிரையுடைய கசடு’ என்று விரித்தால் ‘க்’ தாராளமாக வரும்.

இரா. எழுதியது:

உயிர் அதற்குள் இருக்கிறது என்பது வேறு, அதுவே மூச்சுவிடுகிறது என்பது வேறு. ஒரு ஒற்றுக்காக அதைக் கொல்கிறீர்கள்.

செ. எழுதியது:

வால்வுப் பலகையில் எதை எழுதினாலும் ஷிப்டில் ‘ரிட்டர்ன்’, ‘வேஸ்ட்’ என்றுதான் கூப்பிடப் போகிறார்கள். அடைப்புக்குறிக்குள் அதையும் போட்டுவிடுங்கள், அ.

அ. எழுதியது:

சரி, நேரமில்லை. மீள்கசடு, கழிகசடு இரண்டுக்கும் மறுப்பில்லை; அடைப்புக்குறியோடு போகின்றன. ‘உயிர்க்கசடு’ ஒற்றோடு. இரா. ஐயாவின் மறுப்பை முன்னுரையில் ஒரு வரி குறித்துவிடுகிறேன். அப்புறம், ஒன்பதாம் இயலில் கசடு அடியில் படியாமல் உப்பிப்போய் நிற்கும் கோளாறுக்கு ‘பல்க்கிங்’ என்று வருகிறது. ‘கசடு பருத்தல்’ போதுமா?

இரா. எழுதியது:

பருத்தலா, புடைத்தலா, விம்மலா? இரவு எழுதுகிறேன். அந்த முன்னுரை வரியிலாவது ‘க்’ இல்லாமல் போடுங்கள்.