மறு: தளப்பொருளை என்ன செய்வது?

அனைவருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை பதினொன்றாம் வகுப்பில் நொதி (என்சைம்) பாடம். அதற்குள் சுவரில் மாட்டும் அட்டையை எழுதி முடிக்க வேண்டும்; நொதி பற்றிக்கொண்டு மாற்றும் பொருளை (substrate) 'தளப்பொருள்' என்றே எழுதுவதா, வேறு சொல் போடுவதா என்றுதான் கேட்டேன். வந்த மடல்கள் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்துவிட்டேன்.

'தளப்பொருள்' எனக்கு ஏன் உறுத்துகிறது என்று இன்னொரு முறை சொல்கிறேன். விளாச்சேரியிலிருந்து பொம்மை செய்யும் களிமண் வாங்கிவந்து, சுக்ரேஸ் நொதியையும் அது உடைக்கும் சர்க்கரையான சுக்ரோஸையும் செய்யச் சொன்னேன். ஒரு பிள்ளை சுக்ரோஸை அடை மாதிரித் தட்டி, அதன்மேல் நொதியை உட்காரவைத்திருந்தாள். "தளம்னா தரைதானே டீச்சர், அதான் கீழ வச்சேன்" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? குழி இருப்பது நொதியில். வந்து உட்காருவது சுக்ரோஸ். உட்காருகிறதைப் போய்த் தளம் என்கிறோம்.

மேலூர் அக்கா தந்த 'நொதிபடுபொருள்' எனக்குப் பிடித்திருக்கிறது. செயப்படுபொருள், வினைபடுபொருள் என்று பிள்ளைகள் ஏற்கெனவே படித்த சொற்களோடு அதுவும் சேர்ந்துகொள்கிறது. "நொதித்தல் என்றால் புளித்தல், சர்க்கரை உடைவது புளிப்பா?" என்று திருமங்கலம் ஐயா கேட்டார். ஐயா, 1870களில் வில்ஹெல்ம் கூனே 'என்சைம்' என்று பெயர் வைத்தபோது கிரேக்கத்தில் அதற்கும் 'புளிமாவுக்குள்' என்றுதான் பொருள். புளிப்பு அங்கிருந்தே ஒட்டிக்கொண்டு வருகிறது. நொய், நொசி, நொதி எல்லாம் ஒரே வேர் என்று நீங்கள் எழுதியதைத் தனி இழையில் பேசுவோம். திங்கட்கிழமைக்கு அது உதவாது.

புலவர் ஐயா நேற்றிரவு எழுதியதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எமில் ஃபிஷர் 1894-இல் சொன்ன பூட்டு-சாவி (நொதியும் பொருளும் வடிவம் மாறாமலே பொருந்தும் என்ற கருத்து) இயல்பு புணர்ச்சியாம்: வாழை, மரம், வாழைமரம். கோஷ்லாண்ட் 1958-இல் சொன்ன தூண்டப்பட்ட பொருத்தம் (பொருள் வந்ததும் நொதி வடிவம் மாறிப் பொருந்தும் என்ற கருத்து) விகாரப் புணர்ச்சியாம்: குடம் வந்ததும் பொன் 'பொற்' என்று திரிகிறது. என் களிமண்ணும் இதையே காட்டியது. காலையில் பிடித்து வெயிலில் காய்ந்த நொதிக்குள் சுக்ரோஸை அழுத்தினால் விளிம்பு விரிசல் விட்டது. பச்சை மண்ணில் அழுத்தினால் குழியின் வாய் நெகிழ்ந்து சுக்ரோஸைக் கவ்விக்கொண்டது. மண் பழைய வடிவத்துக்குத் திரும்பாது, நொதி திரும்பும். அந்த ஒன்றைப் புணர்ச்சிதான் சரியாகக் காட்டுகிறது, பிரித்தெழுதினால் பொன் மறுபடி பொன்தானே. ஆனால் புலவர் ஐயா, உங்கள் குடம் முழுசாகவே இருக்கிறது. என் சுக்ரோஸ் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாகப் பிரிகிறது. அதை இலக்கணத்தில் எங்கே வைப்பீர்கள்?

இதுவரை எண்ணியதில் ஒன்பது பேர் 'நொதிபடுபொருள்' பக்கம். நான்கு பேர் "பழகிய சொல்லைக் கலைக்காதீர்கள், தேர்வுத்தாள் திருத்துகிறவர் தளப்பொருளைத்தான் தேடுவார்" என்கிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு நான் விளையாட மாட்டேன். திருமங்கலம் ஐயா மட்டும் 'கொள்பொருள்' என்பதிலிருந்து இறங்கவில்லை.

அட்டையில் 'நொதிபடுபொருள்' என்று பெரிதாகவும், அடியில் 'தளப்பொருள்' என்று சின்னதாகவும் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். ஞாயிறு இரவு மை தீட்டுவேன். திருமங்கலம் ஐயா, அதற்குள் உங்கள் சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்து எழுதிக் காட்டுங்கள். வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.