ஆர்வி ஷவர் ஸ்கைலைட்: மூடலாமா, டின்ட் ஒட்டலாமா, அப்படியே விடலாமா?

பாலைவண்டி (ஃபீனிக்ஸ், அரிசோனா):
எல்லாருக்கும் வணக்கம். எங்களுடைய ஆர்வி (வீட்டு வண்டி), காரின் பின்னால் இழுத்துப்போகிற 27 அடி டிராவல் டிரெய்லர். ஷவருக்கு நேர் மேலே 14க்கு 22 அங்குலத்தில் ஒரு ஸ்கைலைட் இருக்கிறது, கூரைத் துவாரத்தைக் குவிந்த பிளாஸ்டிக் மூடியால் (டோம்) மூடிய வெளிச்ச ஜன்னல். நிற்கிற இடத்தில் மருந்துக்குக்கூட மரம் கிடையாது. உச்சி வெயில் டோம் வழியாக நேரே ஷவர் தொட்டியில் இறங்குகிறது. மூன்று மணிக்கு உள்ளே போய் ஷாம்பு பாட்டிலை எடுத்தால் கை சுடுகிறது. 30 ஆம்ப் மின் இணைப்பு, மணிக்கு 13,500 பிடியு (சூட்டை அளக்கும் அலகு) வெளியேற்றும் ஏசி ஒன்றே ஒன்று. அது மதியம் முழுக்க நிற்காமல் ஓடுகிறது. காருக்கு ஒட்டுகிற டின்ட் ஃபிலிமையே இதற்கும் ஒட்டிவிடு என்கிறார் பக்கத்து வண்டிக்காரர். உள்ளேயிருந்து எதையாவது செருகி மூடினால் போதும் என்கிறார் என் மனைவி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், எதைச் செய்யலாம்?

நெல்லைத்தம்பி (சான் அன்டோனியோ, டெக்சாஸ்):
அண்ணே, அண்ணி சொல்வதைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் வெள்ளி பூசின குமிழ் ஷீட் வன்பொருள் கடையில் சுருளாகக் கிடைக்கும். துவாரத்தைவிடக் கால் அங்குலம் பெரிதாக வெட்டி உள்ளே அழுத்தினால் தானாகவே பிடித்துக்கொள்ளும். பசையும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். இழுக்க ஒரு நாடா மட்டும் ஒட்டி வையுங்கள். குளிக்கும்போது எடுத்துவிட்டு, முடிந்ததும் திரும்பச் செருகலாம். நான் வெயில் காலம் முழுக்க இப்படித்தான் வைத்திருக்கிறேன். குளியலறைக்கும் ஹாலுக்கும் சூட்டில் வித்தியாசமே தெரியாது. ராத்திரியில் வண்டி நிறுத்துகிற பார்க்கின் விளக்கு முகத்தில் அடிக்கிற தொல்லையும் போயிற்று.

கூரைமணி (லாஸ் வேகஸ், நெவாடா):
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆர்வி கூரை வேலைதான் என் பிழைப்பு. வெயில் காலம் முடிகிறபோது விரிசல் விட்ட டோமோடு வருகிறவர்கள் பலரிடம் கேட்டால், உள்ளே வெள்ளி ஷீட் வைத்திருந்தோம் என்பார்கள்.

காரணம் இதுதான். வெயில் டோமைத் தாண்டி உள்ளே வந்து ஷீட்டில் பட்டு, மறுபடி டோம் வழியாகவே வெளியேற வேண்டும். பிளாஸ்டிக் இரண்டு தடவை வெயில் வாங்குகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட காற்றுக்கு வெளியேற வழியில்லை. முன்பு குளியலறைக்குள் பரவி ஏசியால் குறைந்த சூடு இப்போது அந்தப் பொந்துக்குள்ளேயே நிற்கிறது. டோம் புதிதாகத் தெளிவாக இருந்தால் கொஞ்சம் தாங்கும். பழுத்து மஞ்சளானதோ புகை நிறமோ ஆனால் வெயிலைத் தானே குடித்து இன்னும் சூடாகும்.

டோமுக்குப் போடுகிற பாலிகார்பனேட் பிளாஸ்டிக் சூட்டில் கண்ணாடியைப்போல ஏழு மடங்குக்கு மேல் விரியும். 22 அங்குல நீளத்துக்கு 40 டிகிரி செல்சியஸ் ஏறி இறங்கினால் ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. சுற்றிலும் திருகு போட்டு இறுக்கிவிட்டால் அது எங்கே நகரும்? திருகுத் துளையில்தான் முதல் மயிரிழை விரிசல் விழும். கூரை ஏறிப் பாருங்கள், டோமின் நடு நன்றாகவே இருக்கும், ஓரத்தில் ஒவ்வொரு திருகைச் சுற்றியும் சிலந்திக்கால் மாதிரி கோடு ஓடும். அடுத்த மழைக்குத் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும்.

வெயிலைத் தடுப்பதானால் டோமுக்கு வெளியே தடுங்கள். பிளாஸ்டிக்கைத் தாண்டிய பிறகு தடுத்துப் பயனில்லை.

மாறன் (மினியாபொலிஸ், மினசோட்டா):
மணி அண்ணன் சொல்கிற கணக்கு சரி. ஆனால் டின்ட்டை யாரும் பேசவே இல்லையே. எங்கள் வண்டியில் இரண்டு தட்டு உண்டு, மேலே டோம், கீழே கூரை மட்டத்தில் உள்மூடி. அந்த உள்மூடி கிட்டத்தட்ட தட்டையானது. அதன் அடிப்பக்கத்தில் செராமிக் டின்ட் ஃபிலிம் ஒட்டியிருக்கிறேன். வெளிச்சம் பாதி வருகிறது, கண் கூசவில்லை, தினமும் எடுத்து வைக்கிற வேலை இல்லை. ஏன் இதைப் பாலைவண்டி சார் செய்யக்கூடாது?

கூரைமணி:
மாறன், மினசோட்டா வெயிலும் ஃபீனிக்ஸ் வெயிலும் ஒன்றா? 2023இல் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை தொடர்ந்து 31 நாள் அங்கே 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, இல்லையென்றால் தாண்டியது.

பிளாஸ்டிக்கில் ஃபிலிம் ஒட்டுவதில் இரண்டு சிக்கல். பாலிகார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சூடேறினால் அது ஆவியாக வெளியே வரும். கண்ணாடிக்கென்று செய்த ஃபிலிம் மேலே ஒட்டியிருந்தால் போக வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதனால்தான் ஃபிலிம் தயாரிப்பாளர்கள் பொதுவாகவே பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டாம் என்கிறார்கள். அடுத்தது, ஃபிலிம் வெயிலின் பெரும்பகுதியைத் தானே உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு ஒட்டின தட்டுக்குத்தான் போகும்.

வளைந்த டோமில் ஒட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். தட்டையான ஃபிலிம் அங்கே சுருக்கம் இல்லாமல் உட்காராது.

இன்னொன்று, யார் எதை ஒட்டினாலும் சரி, அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரால் அந்தத் தட்டைத் துடைக்காதீர்கள். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். பிளாஸ்டிக் உடனே உடையாது, நாளடைவில் நொய்ந்து நுண்ணிய கீறலாக வெடிக்கும். மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

வெளிச்சம் (யூஜீன், ஆரிகன்):
நான் எல்லாருக்கும் எதிர்ப்பக்கம். அதை அப்படியே விடுங்கள்.

முதலில் அளவைப் பாருங்கள். 14க்கு 22 அங்குலம் என்றால் 0.2 சதுர மீட்டர். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். அதாவது அந்தத் துவாரத்தில் விழுவது அதிகபட்சம் 200 வாட், மணிக்கு 680 பிடியு. சாரின் ஏசி 13,500. இருபதில் ஒரு பங்கு! அதுவும் உச்சி நேரத்தில் மட்டும்தான். மெல்லிய சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள், பகல் முழுக்கக் காய்கிற கூரை, இவை வழியாக வருகிற சூட்டை விட்டுவிட்டு ஷவர் ஸ்கைலைட்டோடு மல்லுக்கட்டுகிறோம்.

நம்மூர் ஓட்டு வீடுகளில் இருட்டு அடுக்களைக்கு மேலே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்களே, இந்த ஸ்கைலைட் செய்வதும் அதே வேலைதான். ஜன்னல் இல்லாத அறைக்கு இயற்கை வெளிச்சம் இது ஒன்றுதான். வெயில் பட்டால் தொட்டி சீக்கிரம் காயும், பூஞ்சை குறையும். என்னைக் கேட்டால், குளியலறைக் கதவை மூடுங்கள். சூடு அங்கேயே கிடக்கட்டும்.

நெல்லைத்தம்பி:
வெளிச்சம் அக்கா, கணக்கு சரி, முடிவுதான் சரியில்லை. ஏசி விட்டு விட்டு ஓடுகிற நாளில் இருபதில் ஒரு பங்கு பெரிதில்லை. அண்ணன் சொல்வதோ மதியம் முழுக்க நிற்காமல் ஓடுகிற ஏசி. அதன் சக்தி அங்கே தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் உள்ளே வருகிற ஒவ்வொரு வாட்டும் நேராக அறைச் சூட்டில்தான் சேரும். 30 ஆம்பில் இரண்டாவது ஏசியைச் சேர்த்து ஓட்டுவதும் எளிதில்லை. 27 அடி வண்டியில் 200 வாட் என்பது சின்ன ஹீட்டர் ஒன்றை மதியம் போட்டு வைத்த மாதிரி.

கதவை மூடச் சொல்கிறீர்கள். அதே அறையில்தான் கழிப்பறையும் இருக்கிறது. சூட்டில் அடைத்து வைத்த கழிப்பறையை நாலு மணிக்குத் திறந்து பாருங்கள், வாடை என்ன சொல்கிறது என்று தெரியும். மாத்திரை, சோப்பு, பற்பசை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

வெளிச்சத்துக்காக வெயில் வேண்டும் என்பதையும் ஏற்க முடியவில்லை. ஒரு எல்இடி விளக்கு இரண்டு மூன்று வாட்தான் இழுக்கும். அதை மிச்சம் பிடிக்க 200 வாட் சூட்டை உள்ளே விடுவானேன்?

வெளிச்சம்:
விளக்கு வெளிச்சம் காட்டும், ஈரத்தைக் காய வைக்காது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் அந்தக் கொஞ்ச வெயிலும் இல்லாவிட்டால் தொட்டி மூலையில் கறுப்புப் புள்ளி வந்துவிடும். ஆனால் கழிப்பறை வாடை பற்றி நீங்கள் சொன்னது நியாயம்தான் தம்பி. 110 டிகிரியில் கதவை மூடி வைப்பது சரிப்படாது.

மாறன்:
குளிர்காலத்தையும் மறக்காதீர்கள். எங்கள் பக்கம் உள்ளேயிருந்து பஞ்சு மெத்தை வைத்து அடைத்தவர்களுக்கு இன்னொரு தலைவலி. குளித்த ஆவி மெத்தையின் ஓரம் வழியாக மேலே ஏறி, குளிர்ந்த டோமில் பட்டு நீராகிறது. மெத்தை இருப்பதால் காய்வதில்லை. நாலு நாள் கழித்து மெத்தையை இறக்கினால் மேல்பக்கம் சொதசொதவென்று நனைந்திருக்கும். மூடுகிறவர்கள் தினமும் ஒரு தடவை எடுத்து, மின்விசிறியை ஓட்டி ஆவியை வெளியே விடுங்கள்.

பாலைவண்டி:
மணி சார் சொன்னதைப் படித்துவிட்டு விடிகாலையில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். டோம் மங்கி மஞ்சளாகியிருக்கிறது. முன்பக்கத்து மூன்று திருகுகளைச் சுற்றி நீங்கள் சொன்ன அதே சிலந்திக்கால் கோடு. விரலால் தடவினால் நகம் மாட்டுகிறது. நாங்கள் இதுவரை எதுவும் செருகியதில்லை, ஒட்டியதும் இல்லை. பழைய உரிமையாளர் என்ன செய்தார் என்று தெரியாது. மேலே வெள்ளைக் கூரைப் பூச்சு அடித்துவிட்டால் விரிசலும் அடைபடும், வெயிலும் நிற்கும் அல்லவா?

கூரைமணி:
வேண்டாம் சார். சில பூச்சுகளில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தின்னும். தண்ணீரில் கலக்கிற பூச்சானாலும் டோம் விரிவதும் சுருங்குவதும் நிற்காது, விரிசல் அடியில் வளர்ந்துகொண்டே போகும். பூச்சு மறைத்திருப்பதால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. கூரைப் பலகை ஊறிப்போன பிறகுதான் தெரியவரும்.

உங்கள் டோம் ஆயுள் முடிந்த டோம். மாற்றிவிடுங்கள். மாற்றும்போது தெளிவானதையோ புகை நிறத்தையோ வாங்காமல் பால்வெள்ளை டோம் வாங்குங்கள். வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிட்டு, மிச்சத்தை மென்மையாகப் பரப்பித் தரும். வெளிச்சம் அம்மா கேட்ட வெளிச்சமும் கிடைக்கும். புகை நிறம் பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் வெயிலைக் குடித்துத் தானே கொதிக்கும்.

பழைய சீலண்டை (நீர் புகாமல் அடைக்கிற பசை) பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், இரும்பு பட்டால் கூரை ரப்பர் கிழியும். விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) போடுங்கள். திருகுத் துளைகளைத் திருகின் தண்டைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், டோம் நகர இடம் வேண்டும். திருகைக் கைப்பிடியால் முடுக்குங்கள், டேப் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். டிரில் வைத்து முறுக்கினால் அன்றைக்கே விரிசலுக்கு விதை போட்டாயிற்று. கடைசியாக விளிம்பையும் திருகுத் தலைகளையும் தானாகப் பரவும் லாப் சீலண்டால் மூடுங்கள். உங்கள் கூரை விரிப்பு இபிடிஎம் ரப்பரா, டிபிஓ பிளாஸ்டிக்கா என்று பார்த்து அதற்கு ஏற்றதை வாங்குங்கள்.

ஒரே இடத்தில் நிற்கிற வண்டி என்பதால் டோமுக்கு மேலே நாலு விரல்கிடை இடைவெளி விட்டு நிழல்வலையும் கட்டலாம். காற்று நடுவில் ஓடும், டோமுக்கு வெயிலும் குறையும். சாலையில் ஓட்டும் முன் மட்டும் கழற்றிவிட வேண்டும்.

நெல்லைத்தம்பி:
நிழல்வலை நல்ல யோசனைதான். அண்ணன் அடிக்கடி ஏணி ஏறுவாரா என்பதையும் பாருங்கள். கூரையிலிருந்து விழுந்தால் டோமைவிட இடுப்புக்குத்தான் செலவு அதிகம். புது டோம் போட்ட பிறகும் மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை உள்ளே மூடத்தான் சொல்வேன். மணி அண்ணன் சொன்ன அடைப்பு வராமல், வெள்ளைத் துணி தைத்த தட்டியைக் கூரை மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே, ஓரம் திறந்தபடி தொங்கவிடலாம். சூடான காற்று பக்கவாட்டில் கசியும்.

கூரைமணி:
ஓரம் திறந்திருந்தால் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் கசிகிற சூடு உங்கள் அறைக்குள்தானே வருகிறது? அப்புறம் தட்டி எதற்கு? நிழல்வலையே போதும்.

நெல்லைத்தம்பி:
தொட்டி மேல் நேரடி வெயில் விழாது, ஷாம்பு பாட்டில் கை சுடாது. அண்ணன் கேட்டதில் அதுவும் உண்டு.

பாலைவண்டி:
வெள்ளை டோம் மாற்றப் போகிறேன். நிழல்வலையையும் ஒரு தடவை ஏறிக் கட்டிவிட்டால் கிளம்புகிற வரைக்கும் தொட வேண்டியதில்லை. தட்டியை மனைவி தைக்கிறேன் என்கிறார், ஆக அதுவும் உண்டு. டோம் வாங்கும்போது எந்த அளவைச் சொல்ல வேண்டும், வெளி விளிம்பா, துவாரமா?

கூரைமணி:
இரண்டும். முதலில் உள்மூடியைக் கழற்றிக் கூரைத் துவாரத்தை அளங்கள், அது உள்ளளவு. பிறகு மேலே போய் விளிம்பின் வெளியளவு. டோமின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், குட்டையானதை வாங்கிவிட்டால் நின்று குளிக்கும்போது தலை இடிக்கும். பழைய திருகுத் துளைகள் புது விளிம்புக்கு அடியில் வருகின்றனவா என்று சரிபாருங்கள். வெளியே தெரிகிற ஒவ்வொரு துளையையும் சீலண்டால் அடைத்த பிறகு டோமை உட்கார வையுங்கள்.