புளியந்தீவைச் சுற்றிச் சைக்கிள் ரிக்சா: சென்ட்ரல் பார்க் மாதிரி நம்மட டவுனிலயும் ஓட்டலாமா?

வாவிக்கரையான்:

வணக்கம் எல்லாருக்கும். நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில சைக்கிள் ரிக்சாச் சுற்றுலா எண்டு ஒரு தொழில் நடக்குது. முன்னால ஒருத்தர் மிதிப்பார், பின்சீட்டில ரெண்டு மூணு பேர் இருப்பாங்க. பெதஸ்டா நீரூற்று, போ பாலம், ஜோன் லெனன் நினைவா அமைச்ச ஸ்ட்ரோபெரி ஃபீல்ட்ஸ் எண்டு ஒவ்வொரு இடமா நிப்பாட்டி, மிதிக்கிறவரே கதையும் சொல்லுவார்.

நம்மட மட்டக்களப்பு டவுனுக்கு இது பொருந்தும் எண்டு நான் உறுதியா நம்புறன். காந்திப் பூங்கா சின்னது, அதைச் சுத்த வண்டி தேவையில்ல. நான் சொல்லுறது டவுனின்ட நடுவில, வாவி சூழ இரிக்கிற புளியந்தீவு முழுக்க. மட்டக்களப்பு வாயிலடியில ஏறினா, போர்த்துக்கேயர் 1628இல கட்டி ஒல்லாந்தர் 1638இல பிடிச்ச கோட்டை, மரியாள் பேராலயம், 1814இல தொடங்கின மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல் கல்லூரி எல்லாம் கிட்டக் கிட்ட இரிக்கி. மேடு பள்ளம் இல்லாத நிலம். சைக்கிள் ஓடத் தெரியாத ஆளை இஞ்ச தேடித்தான் பிடிக்கணும். பாசிக்குடாக் கடற்கரைக்கு வாற வெளிநாட்டுக்காரங்க டவுனை வேன் கண்ணாடிக்குள்ளால பாத்திட்டு நேர போயிடுறாங்க. அஞ்சாறு வண்டியோட தொடங்கினா கொஞ்சப் பொடியனுகளுக்கு வேலை கிடைக்கும். என்ன நினைக்கிறீங்க?

ஓய்வு வாத்தியார்:

தம்பி, உங்கள் ஊர்ப்பற்றை மதிக்கிறேன். ஆனால் இந்த யோசனை வேண்டாம். மனிதனை மனிதன் இழுத்துச் செல்லும் வண்டியை ஒழிக்க எத்தனை பேர் பாடுபட்டார்கள்! தமிழ்நாட்டில் 1973இல் கருணாநிதி அரசு கைரிக்சாவை ஒழித்தது. அதை நாங்கள் இங்கே இருந்து கொண்டாடினோம். இப்போது ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாய் அடிக்கும்போது, நம் பிள்ளை வியர்வை வடிய மிதிக்க, வந்தவர்கள் பின்னால் சாய்ந்திருந்து படம் எடுப்பார்களா? அந்தப் படம் உலகம் முழுக்கப் போகும். நான் படிப்பித்த ஒரு பிள்ளையை அந்தச் சீட்டில் பார்க்க என் மனம் இடம் கொடாது.

வாவிக்கரையான்:

சேர், கைரிக்சாவை ஒழிச்ச அதே அரசு அந்தத் தொழிலாளிகளுக்குப் பதிலாக் குடுத்ததே சைக்கிள் ரிக்சாதான். கையால இழுக்கிறதும் காலால மிதிக்கிறதும் ஒண்டு எண்டு அண்டைக்கு அவங்க நினைக்கல்ல. மற்றது, வாவியில தோணி வலிச்சு ஆக்களைக் கூட்டிப் போறவரும் உடம்பாலதானே உழைக்கிறார்? அவரை ஆரும் இழிவாப் பாக்கல்லயே.

ஓய்வு வாத்தியார்:

அது அன்றைக்கு ஒரு படி மேலே ஏறியது. ஐம்பது வருடம் கழித்து அதே படியில் போய் நிற்கச் சொல்கிறீர்கள். தோணிக்காரர் தன் தொழிலுக்குப் போகும் வழியில் ஆளை ஏற்றுகிறார், தோணியும் அவருடையது. நீங்கள் சொல்லும் வண்டி யாருடையது? முதலாளி ஒருவர் ஆறு வண்டி வாங்கி, பிள்ளைகளுக்கு நாள் வாடகைக்கு விடுவார். முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

குயின்ஸ் மட்டுநகரான்:

நான் ஊரை விட்டு வந்து கனகாலம், இப்ப நியூயோர்க்கில குயின்ஸ் பக்கம் இரிக்கன். சென்ட்ரல் பார்க்குக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில வேலை செய்தனான், ரிக்சா ஓட்டுறவங்க அங்க சாப்பிட வருவாங்க. அதனால ரெண்டு பேருக்கும் சொல்ல எனக்கு விசயம் இரிக்கி.

பூங்கா 843 ஏக்கர். உள்சுற்று றோட்டு கிட்டத்தட்ட 10 கிலோமீற்றர், 2018இல இருந்து அதில கார் ஓட ஒண்ணா. வடக்குப் பக்கம் நல்ல ஏற்றம். அதனால கனபேர் தெற்குப் பக்கம், 59ஆம் தெருவில ஏத்தி, 72ஆம் தெரு அளவில கிறுகித் திரும்பிடுவாங்க. நீங்க சொன்ன பெதஸ்டா, ஸ்ட்ரோபெரி ஃபீல்ட்ஸ் எல்லாம் அந்த எல்லைக்குள்ளதான். ஓட்டுறதுக்குத் தனி லைசன், வண்டிக்குத் தகடு, காப்புறுதி எல்லாம் வேணும். மோட்டார் பூட்டுறதுக்கு நகரச் சட்டம் இடம் குடுக்கல்ல.

வாத்தியார் சேர், மிதிக்கிறதை அவங்க இழிவா நினைச்சு நான் கேட்டதில்ல. துருக்கி, மத்திய ஆசியா, மேற்கு ஆபிரிக்கா எண்டு பல நாட்டுப் பொடியனுகள், நல்ல திடகாத்திரமான ஆக்கள். அவங்கட கவலை வேற: வண்டி வாடகை, பொலிஸ் தண்டம், சவாரி கிடைக்காம றோட்டுக்கரையில போறவாறவங்களைக் கூப்பிட்டுக்கொண்டு நிக்கிற நேரம். நீங்க கேட்ட கேள்வி சரியான கேள்வி. அந்தத் தொழில்ல முதல்ல நசுக்குறது வாடகைதான்.

மறுகா, கூலி. அங்க நிமிசக் கணக்கு. அட்டையில எழுதித் தொங்கவிடணும், ஆனா நிமிசத்துக்கு எவ்வளவு எண்டதுக்கு நகரம் உச்ச வரம்பு வைக்கல்ல. நிமிசத்துக்கு ஆறு, ஏழு டொலர் எண்டு அட்டை போட்டவங்களைக் கண்டிரிக்கன். அந்த எழுத்தைக் கவனிக்காம ஏறின குடும்பம் இறங்கக்குள்ள நூற்றுக்கணக்கான டொலர் கேட்டு, நடுறோட்டில சண்டை. இது பத்திரிகைகளில திரும்பத் திரும்ப வாற செய்தி. சண்டை மட்டுமில்ல. நிமிசத்துக்குக் காசு எண்டா மிதிக்கிறவர் மெல்லப் போனா லாபம், கதையை இழுத்தா லாபம். பயணிக்கு நீரூற்றில கண் நிக்காது, மணிக்கூட்டில நிக்கும். நல்லாக் கதை சொல்லக்கூடிய பொடியனையும் அந்தக் கணக்குக் கெடுத்துப்போடும். மட்டக்களப்பில செய்யுறதெண்டா, செய்யுங்க, ஆனா நிமிசக் கணக்கு மட்டும் வேணாம். முழுச் சுற்றுக்கும் ஒரே விலை.

மூணு சில்லு:

நான் டவுனில ஆட்டோ ஓடுற ஆள். ஆரும் எங்களைக் கேக்கலயே, நாங்களாவே சொல்லுறம். லீசிங் கட்டி முடியல்ல. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் கோட்டுக்குக் கிழமைக்கு அஞ்சு லீற்றர் வாங்கிப் பிள்ளைகளை வளத்த ஆக்கள் நாங்க. கோட்டையைப் பாக்க வாற நாலு வெளிநாட்டுக்காரரும் இப்ப எங்கட ஆட்டோவிலதான் வாறாங்க. அதையும் சைக்கிளுக்குக் குடுத்திட்டு நாங்க என்ன செய்யுற? கதைதான் வேணுமெண்டா எங்களுக்கும் பழக்கித் தாங்க. எனக்குத் தெரிஞ்ச மட்டக்களப்புக் கதை எந்தப் பொடியனுக்குத் தெரியும்?

வாவிக்கரையான்:

அண்ணன், உங்கட வயித்தில அடிக்கிற எண்ணம் எனக்கில்ல. ஆட்டோவில ஏறுறவர் ஒரு இடத்துக்குப் போக ஏறுறார். ரிக்சாவில ஏறுறவர் மெதுவாப் போறதுக்காகவே ஏறுறார். இண்டைக்கு வேனை விட்டு இறங்காத ஆளைத்தான் நான் இறக்கப் பாக்கிறன். அவர் டவுனில ஒரு மணித்தியாலம் கூட நிண்டா, மறுகா கல்லடிக் கடற்கரைக்கும் பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்கும் உங்கட ஆட்டோவிலதானே போகணும்?

சில்லுக்கடை நானா:

காத்தான்குடியில சைக்கிள் திருத்துற கடை வைச்சிரிக்கன். வண்டியைப் பத்தி ஆருமே பேசல்ல.

ரிக்சா வண்டி 80 கிலோ எண்டு வைங்க. மிதிக்கிறவர் 60, பயணிகள் ரெண்டு பேர் 140. மொத்தம் 280 கிலோ. நல்ல தார் றோட்டில, மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில தள்ள 80 வாட் அளவு சக்தி காணும். ஆரோக்கியமான ஆள் அதைக் கனநேரம் தாங்குவார். ஆனா 100 மீற்றருக்கு 3 மீற்றர் ஏறுற ஒரு பாலம் வந்திட்டுதெண்டா, அதே வேகத்தில போக 300 வாட் வேணும். கிட்டத்தட்ட நாலு மடங்கு. பழகின கால் கூட சில நிமிசத்தில விட்டிரும். நாம தட்டை நிலம் எண்டு சொல்லுறம், ஆனா புளியந்தீவு தீவுதானே, எந்தப் பக்கம் வெளிய போனாலும் பாலம்.

இன்னொண்டு. மூணு சில்லு வண்டி ரெண்டு சில்லுச் சைக்கிள் மாதிரி வளைவில சாயாது. வேகமாத் திருப்பினா உள்பக்கச் சில்லைத் தூக்கி வெளிப்பக்கமாக் கவுத்துப்போடும். பாலத்தால இறங்கி வாற வேகத்தில திருப்பக்குள்ள கவனம். பிரேக் பின்சில்லு ரெண்டிலயும் இரிக்கணும். உப்புக் காத்துக்குச் சங்கிலி கெதியாத் துருப்பிடிக்கும், அதைத் துடைச்சு எண்ணெய் போடச் சோம்பல்பட்டா மிதிக்கிறவருக்குத்தான் கஸ்டம். மூணு பேரை ஏத்துறதை மறந்திருங்க. ரெண்டு பேர்தான். மோட்டார் உதவி வைச்சா ஒரு குத்தமும் இல்ல, அமெரிக்காச் சட்டம் நமக்கு என்னத்துக்கு?

பாலமீன்மடு மகள்:

நானா சொன்ன பாலக் கணக்கும், குயின்ஸ் அண்ணன் சொன்ன 72ஆம் தெருவும் எனக்கு ஒரே இடத்தில வந்து முட்டுது.

சென்ட்ரல் பார்க் வாறதுக்கு முதல் அந்த நிலத்தில செனகா வில்லேஜ் எண்டு ஒரு ஊர் இருந்தது. இருநூறுக்கு மேல ஆக்கள், கூடுதலா கறுப்பின மக்கள். சொந்த வீடு, தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் வைச்சிருந்தவங்க. பூங்காவுக்காக 1857இல அவங்களை எழுப்பி அனுப்பிட்டாங்க. அந்த இடம் 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் நடுவில. வண்டி 72இல திரும்பினா அந்த ஊர் பயணியின்ட கண்ணில படவே படாது. ஏற்றமும் நிமிசக் காசும் சேர்ந்து எந்தக் கதையைச் சொல்லுறது எண்டு தீர்மானிக்குது.

நம்மட டவுனிலயும் அதுதான் நடக்கும் எண்டு எனக்குப் பயம். புளியந்தீவுக்குள்ளயே சுத்தினா கோட்டை, பள்ளிக்கூடம், பேராலயம், அழகான வாவி. கல்லடிப் பாலம் ஏறக் கஸ்டம் எண்டு விட்டிட்டா சுவாமி விபுலானந்தர் சமாதியும் இல்ல, 2004 மார்கழி 26 கடல் அடிச்ச நாவலடியும் இல்ல. அங்க எங்கட சொந்தக்காரர் ஆக்கள் போயிட்டாங்க. அதைச் சொல்லாம மட்டக்களப்பைக் காட்டிட்டம் எண்டு சொல்ல எனக்கு மனசில்ல.

சீயோன் தேவாலயத்துக்கு முன்னால வண்டி போகும். 2019 உயிர்த்த ஞாயிறண்டு அங்க குண்டு வெடிச்சுப் பிள்ளைகள் செத்தாங்க. நீங்க நிறுத்துற பொடியன் அங்க என்ன சொல்லுவான்? பயணி கமராவைத் தூக்கினா என்ன செய்வான்? இதுக்குப் பயிற்சி வேணும். சுற்றுலா அதிகார சபை பிரதேச வழிகாட்டி, தள வழிகாட்டி எண்டு லைசன் குடுக்குது. மிதிக்கிறவர் அதை எடுத்தவரா இரிக்கணும். நான் படிக்கத் தயார், மிதிக்கவும் தயார். பொம்புளைப் பிள்ளை எண்டு ஆரும் இதில குறுக்க வரவேணாம்.

ஓய்வு வாத்தியார்:

மகள், உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். கதையைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அது வண்டிக்கு ஆதரவாக அமையவில்லை. கதைதான் முக்கியம் என்றால் நடந்தே காட்டலாமே. காலையில் ஏழு மணிக்கு வாயிலில் தொடங்கினால் வெயில் ஏறுமுன் கோட்டையும் தேவாலயங்களும் முடிந்துவிடும். வழிகாட்டியும் பயணியும் ஒரே நிலத்தில், பக்கத்தில் பக்கத்தில் நடப்பார்கள். வாடகையும் இல்லை, சங்கிலியும் இல்லை.

பாலமீன்மடு மகள்:

சேர், நடக்கக்கூடியவங்களுக்கு அது நல்லது, அதையும் செய்வம். ஆனா எங்கட அம்மம்மா கோட்டைக்குள்ள கால் வைச்சதில்ல. முழங்கால் வருத்தம். ஆட்டோவில போனா வாசலில இறங்கி வாசலிலயே நிக்க வேண்டியதுதான். வெளிநாட்டுக்காரரை மட்டும் நினைச்சு ஏன் பேசுறம்? ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்கு வாற வயசான சனம், கொழும்பால வாற பேரப்பிள்ளைகளோட டவுனைச் சுத்திப் பாக்க ஆசைப்படுற தாத்தாமார், இவங்களும் ஏறுவாங்க.

குயின்ஸ் மட்டுநகரான்:

பாலத்துக்கு ஒரு வழி சொல்லுறன். 1924இல திறந்த பழைய கல்லடிப் பாலம் புதுசுக்குப் பக்கத்தில அப்பிடியே இரிக்கி. அதில பயணி இறங்கி நடக்கட்டும், நடக்க ஏலாதவரை மட்டும் ஏத்திக்கொண்டு குறைஞ்ச பாரத்தில மிதிக்கலாம். வாவியில மீன் பாடுது எண்டு சொல்லுற பாடுமீன் கதையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எங்க இரிக்கி? மிக்கேல் கல்லூரியில இருந்த அமெரிக்க யேசுசபைத் துறவி ஜோன் லாங் 1950களில அந்தச் சத்தத்தை ஒலிப்பதிவு செய்தவர். கைபேசியில சத்தத்தைப் போட்டுக் காட்டலாம். ஆனா பௌர்ணமி இரவில தோணியில போய்க் கேக்கிறதுதான் உண்மையானது எண்டும் சொல்லணும், பகலில பாலத்தில நிண்டா கேக்கும் எண்டு ஏமாத்த ஒண்ணா.

வாவிக்கரையான்:

எல்லாத்தையும் வைச்சு யோசனையைத் திருத்துறன். வண்டி ஓட்டுறவருக்கே சொந்தம், கூட்டுறவுக் கடனில வாங்குறது, நாள் வாடகை கிடையாது. ரெண்டு பயணி. முழுச் சுற்றுக்கும் ஒரே விலை, மூணு மொழியிலயும் பயணி ஏறுற பக்கம் பெரிசா எழுதுறது. காலை எட்டு மணிக்கு முதலும் பின்னேரம் நாலரைக்குப் பிறகும் மட்டும். கல்லடி, நாவலடி சுற்றில கட்டாயம் இரிக்கும், அந்தச் சுற்றுக்கு மோட்டார் உதவி. வழிகாட்டி லைசன் இல்லாத ஆளுக்கு வண்டி இல்ல.

ஓய்வு வாத்தியார்:

வாடகை ஒழிந்தது நல்லது. அது என் முதல் கேள்விக்குப் பதில். இரண்டாவது கேள்வி நிற்கிறது: கார்த்திகை, மார்கழி, தை மழை. டவுன் முழுக்க வெள்ளம் நிற்கும் மாதங்கள். கடன் தவணை மழைக்கு நிற்காது. அந்த மூன்று மாதம் அந்தப் பிள்ளை என்ன செய்வான் என்று எழுதுங்கள். அதுவரை என் எதிர்ப்பு எதிர்ப்புத்தான்.

வாவிக்கரையான்:

தவணையை ஒன்பது மாதத்துக்கு மட்டும் கணக்குப் போடக் கேக்கணும், சேர். வெள்ளாமை விதைக்கிறவங்க அறுவடைக்குப் பிறகு கட்டுற மாதிரி. கூட்டுறவுச் சங்கத்தில ஒருத்தரைத் தெரியும், திங்கக்கிழமை கேட்டிட்டு இஞ்சயே எழுதுறன். மழை மாதத்தில பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உள்ளரங்கில வரலாறு சொல்லக் கூப்பிடலாமா எண்டதும் நீங்கதான் சொல்லணும், பள்ளிக்கூடங்கள் உங்களுக்குத்தான் தெரியும்.

மூணு சில்லு:

எல்லாம் சரி. வண்டி நிக்கிற இடம் எது? அதை ஒருத்தரும் சொல்லல்ல. பஸ் ஸ்டாண்ட் பக்கம் எண்டா எங்கட சங்கம் விடாது, இப்பவே சொல்லிப்போட்டன். கோட்டை வாசலடி எண்டா எங்களுக்கு ஆட்சேபனை இல்ல, ஆனா சுற்று முடிஞ்சு ஆட்டோ தேடுற ஆளுக்கு எங்கட ஸ்டாண்ட் நம்பரைத்தான் குடுக்கணும். மாநகர சபைக்குக் கடிதம் எழுதக்குள்ள எங்கட ஆளையும் கூப்பிடுங்க.