டர்போ வண்டியில் கேட்ச் கேன்: ஹோஸ் எங்கே போகணும், எங்கே போகக் கூடாது

பாக்ஸர்நாலு:
கேட்ச் கேன்னா என்ஜின் புகையோட வர்ற எண்ணெயைப் பிரிச்சுப் பிடிக்கிற டப்பா. சுபாரு காரோட இஜே25 டர்போ என்ஜினை வைத்தே சொல்றேன். கேன் வாங்குறது பெரிய வேலை இல்லை. எந்த ஹோஸை வெட்டி எங்கே சொருகுறோம்ங்கிறதுலதான் பல பேர் சறுக்குறாங்க.

கிராங்க்கேஸ் (என்ஜினுக்குள்ள கிராங்க் சுத்துற இடம்) புகை வெளியேற இந்த என்ஜின்ல ரெண்டு வழி. ஐட்லிங்ல மேனிஃபோல்டுல (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிச்சு விடுற குழாய்) வேக்யூம் இருக்கும். பிசிவி வால்வு (கிராங்க்கேஸ் புகையை மேனிஃபோல்டுக்கு விடுற ஒருவழி வால்வு) திறந்து பிளாக்ல இருந்து புகையை இழுக்கும். பூஸ்ட் (டர்போ தர்ற காற்றழுத்தம்) ஏறினதும் மேனிஃபோல்டுல அழுத்தம் வந்துடும், பிசிவி மூடிக்கும். அப்போ பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வர்ற புகை முழுக்க பிரீதர் ஹோஸ் வழியா டர்போவுக்கு முன்னாடி இருக்கிற இன்லெட் பைப்புக்குத்தான் போகணும். மிதிச்சு ஓட்டுற வண்டியில எண்ணெய் அதிகமா போறதும் இந்த வழியிலதான். போதாததுக்கு சிலிண்டர் படுத்திருக்கிற என்ஜின். வேகமா வளைவுல திருப்பினா ஹெட் கவர்ல எண்ணெய் ஒதுங்கி அப்படியே பிரீதர்ல ஏறும். பிசிவி லைன்ல மட்டும் கேன் மாட்டின வண்டியில இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர வைக்கிறது) பைப்பைக் கழட்டினா இன்னும் எண்ணெய் வழியறது இதனாலதான்.

இணைப்பு இப்படி: பிளாக்ல இருந்து வர்ற ஹோஸ்ல ஒரு டி (மூணு வழி இணைப்பு). ஒரு கிளை முதல் கேன், பிசிவி, மேனிஃபோல்டு. இன்னொரு கிளையும் ரெண்டு ஹெட் கவர் ஹோஸும் ரெண்டாவது கேனுக்கு. அங்கிருந்து இன்லெட் பைப், அதுவும் காற்றை அளக்கிற ஏர்ஃப்ளோ சென்சாருக்குப் பின்னாடி. பிரீதர் பக்கம் உள்விட்டம் 19 மி.மீ. வைங்க, 16-க்குக் கீழே இறங்காதீங்க. பிசிவி பக்கத்துக்கு 10 முதல் 12 போதும்.

ஸ்பேனர்12:
அண்ணன் சொன்னதோட ஹோஸ் ரகத்தையும் சேர்த்துக்கோங்க. ரேடியேட்டர், ஹீட்டர் ஹோஸை இதுக்குப் போடவே கூடாது. அந்த ரப்பர் எண்ணெய் பட்டா ஊதி, உள்பக்கம் உரிஞ்சு வரும். கலர் கலரா விக்கிற சாதா சிலிக்கான் ஹோஸ் பார்க்க அழகு, ஆனா கொஞ்ச நாள்ல வெளிப்பக்கம் எண்ணெய் வியர்த்துப் பிசுபிசுன்னு தூசி ஒட்டும். எண்ணெய்க்கான நைட்ரைல் ஹோஸ்தான் சரி. மேனிஃபோல்டு பக்கம் உள்ளே நூல் பின்னல் இருக்கிற தடிச்ச ஹோஸ் போடணும், இல்லேன்னா வேக்யூம்ல சப்பையாகி மூடிக்கும்.

கேனுக்குள்ள தடுப்புத் தகடும் எவர்சில்வர் வலையும் இருக்கணும். வெறும் டப்பான்னா புகை ஒரு நிப்பிள்ல (ஹோஸ் சொருகுற வாய்) நுழைஞ்சு அடுத்ததுல போயிடும், எண்ணெய் பிரியாது. பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார் வேண்டவே வேண்டாம். துருப்பிடிச்சுத் துகள் உதிர்ந்தா நேரா டர்போ பிளேடுக்குத்தான் போகும்.

டர்போ புகையுதுன்னு வர்ற வண்டியில டர்போவைக் கழட்டுறதுக்கு முன்னாடி பிசிவியைக் கழட்டி வாயால ஊதிப் பாருங்க. மேனிஃபோல்டு பக்கத்துல இருந்து ஊதினா காற்று போகக் கூடாது. போச்சுன்னா பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள்ள இறங்குதுன்னு அர்த்தம். டர்போல இருந்து எண்ணெய் சம்ப்புக்கு (என்ஜின் அடியில எண்ணெய்த் தொட்டி) தானா வழிஞ்சுதான் இறங்கணும். கீழே அழுத்தம் இருந்தா எதிர்த்து நிக்கும், சீல் வழியா எக்ஸாஸ்டுக்குப் போய் நீலப் புகை வரும். டிப்ஸ்டிக் மேலே எழும்பி நிக்கிறது, கிராங்க் ஆயில் சீல் கசியறது எல்லாம் இதே கதைதான். சின்ன நிப்பிள் வச்ச கேனும் இதைத்தான் பண்ணும்.

டீசல்காரன்:
காமன் ரெயில் டீசல்காரங்க ரெண்டு கேன் கணக்கெல்லாம் போட வேண்டாம். பெட்ரோல் மாதிரி மேனிஃபோல்டு வேக்யூம் கிடையாது. ஹெட் கவர்ல இருந்து டர்போ இன்லெட்டுக்கு ஒரே ஹோஸ், நடுவுல ஒரே கேன். ஆனா இங்கே அவசியம் கூடுதல்: பிரீதர் எண்ணெயும் இஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையில கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடுற அமைப்பு) கரியும் சேர்ந்தா இன்டேக் மேனிஃபோல்டுல தார் மாதிரி படியும், பிக்கப் போகும். கேன் இஜிஆர் கரியை நிறுத்தாது, அதை ஒட்டவைக்கிற எண்ணெயைத்தான் குறைக்கும்.

ஹோஸ் நடுவுல தொங்கி பள்ளம் விழக் கூடாது, அங்கே எண்ணெயும் தண்ணியும் தேங்கி வழி அடைபடும். கேனை டர்போ, எக்ஸாஸ்ட் பக்கத்துல வைக்காதீங்க. சூடா இருந்தா எண்ணெய் ஆவி குளிராம தப்பிச்சுப் போயிடும்.

ஸ்பேனர்12:
கேன் தலையில சின்ன ஃபில்டர் மாட்டி புகையை வெளியே விடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. பிசிவி இன்னும் மேனிஃபோல்டுல இருக்கும்போது அப்படிப் பண்ணினா சென்சார் அளக்காத காற்று உள்ளே போகும், கலவை லீன் ஆகி (பெட்ரோல் குறைஞ்சு) ஐட்லிங் ஏறி இறங்கும். கேபினுக்குள்ள நாத்தம் வேற.

பாக்ஸர்நாலு:
முதல் தடவை 1,000 கி.மீ.ல திறந்து பாருங்க. சேர்ற அளவை வச்சு அடுத்த இடைவெளியை முடிவு பண்ணுங்க. பாதிக்கு மேல நிரம்ப விட்டா மொத்தமா இன்லெட்டுக்குள்ள இழுத்துடும். குளிர்ல, சின்னச் சின்ன ஓட்டத்துல மோர் மாதிரி வெளுத்து வரும், தண்ணி கலந்தது. கூலன்ட் குறையலேன்னா ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு பயப்பட வேண்டாம். அந்தக் கழிவைத் திரும்ப என்ஜின்ல ஊத்தாதீங்க, பெட்ரோலும் கலந்திருக்கும்.