லான்ல காளான், பிடுங்க பிடுங்க வருது, உதவி பண்ணுங்க (பெங்களூரு)

ஹொரமாவு_மருமக:
வணக்கம். தனி வீடு, முன்னாடி பத்துக்கு பதினஞ்சு அடியில மெக்சிகன் புல்லு போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. போன வாரம் நாலு நாள் சாயங்காலமானா மழை, அஞ்சாம் நாள் காலைல பால் பாக்கெட் எடுக்க போனா புல்லுக்கு நடுவுல முட்டை மாதிரி ஏழெட்டு நிக்குது, மறுநாள் அதெல்லாம் தட்டு சைசுக்கு குடையா விரிஞ்சிருச்சு. பிடுங்கினேன், ரெண்டு நாள்ல அதே இடத்துல திரும்ப. நர்சரில 400 ரூபாய்க்கு ஒரு பவுடர் குடுத்தாங்க, கரைச்சு ஊத்தியும் ஒன்னும் ஆகல. புல்லுக்கு ஏதாவது நோயா? மாமியார் வேற ஊர்ல இத குழம்பு வெப்போம்ங்குறாங்க, எனக்கு வயித்த கலக்குது.

செம்மண்காரன்:
குழம்பு கதைய முதல்ல நிறுத்துங்க அக்கா!! ஊர்ல அவங்க சாப்பிட்டது புத்துக்காளானா இருக்கும், அது கறையான் புத்துல இருந்து வரும், தண்டு வேர் மாதிரி நீளமா மண்ணுக்குள்ள இறங்கியிருக்கும். லான்ல தட்டு சைசுல வர்றது பல சமயம் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ்னு ஒன்னு, தின்னா சில மணி நேரத்துல வாந்தி பேதி பிச்சுக்கும். குடைய மட்டும் வெட்டி அதோட அடிப்பக்கம் வெள்ளை பேப்பர்ல படுற மாதிரி வெச்சு மேல ஒரு டப்பாவ மூடி ராத்திரி விடுங்க, காலைல பச்சையா பொடி விழுந்திருந்தா அதேதான். பச்சை இல்லேன்னா சாப்பிடலாம்னு அர்த்தம் இல்ல, வேற விஷக்காளானும் இருக்கு. தொட்டா ஒன்னும் ஆகாது, கைய கழுவிக்கோங்க.

மாடித்தோட்டத்து_சித்தி:
புல்லுக்கு நோய் இல்லமா. மேல தெரியுறது மாங்காய் மாதிரி, மரம் மண்ணுக்குள்ள நூல் நூலா கிடக்கு, செத்த கட்டை, பழைய வேர், மக்காத சாணி எரு இதையெல்லாம் மக்க வெச்சு தின்னுட்டு இருக்கும், ஈரம் கிடைச்சா தலைய நீட்டும். அந்த நூல் வரைக்கும் பவுடர் போய் சேராது, 400 ரூபா தண்டம். அந்த இடத்துல முன்னாடி மரம் ஏதாவது இருந்துச்சா?

ஹொரமாவு_மருமக:
மரம் இல்ல சித்தி. ஆனா வீடு கட்டும்போது மேஸ்திரி மிச்சம் மீதிய அங்கதான் போட்டு மூடினாரு. காளான் வர்ற இடத்துல மட்டும் புல்லு கரும்பச்சையா வேற இருக்கு.

மாடித்தோட்டத்து_சித்தி:
கட்டை மக்குறப்போ நைட்ரஜன் வெளிய வரும், புல்லுக்கு இலவச உரம், அதான் அந்த கலரு. அங்க தோண்டி பாரு.

ஹொரமாவு_மருமக:
தோண்டியாச்சு!! ஒரு அடிகூட போகல, கடப்பாரை சதக்குனு இறங்குச்சு. சென்ட்ரிங் பலகை மூணு, ஆணியோட, கையில எடுத்தா ஊறப்போட்ட ரஸ்க் மாதிரி உதிருது, உள்ள பூரா பஞ்சு பிரிச்ச மாதிரி வெள்ளை நூலு.

செம்மண்காரன்:
ஆணி ஒன்னு விடாம பொறுக்கிடுங்க. புது மண்ணு போட்டு புல்ல ஒட்டுங்க, தண்ணிய சாயங்காலம் விடாம காலைல விடுங்க. மிச்ச நூல் கொஞ்ச நாளைக்கு ஒன்னு ரெண்டு அனுப்பும், குடை விரியறதுக்கு முன்னாடியே கிள்ளிடுங்க, வீட்ல குழந்தையோ நாயோ இருந்தா கண்டிப்பா.

ஹொரமாவு_மருமக:
பேப்பர்ல பச்சைப்பொடிதான் விழுந்திருக்கு. மாமியார் கண்ணாடி போட்டு ரெண்டு தடவை பாத்துட்டு, இன்னைக்கு கத்திரிக்காயே வெச்சிரலாம்னுட்டாங்க.