பம்பிள்பீ பொம்மையின் முழங்கால் இறுகிவிட்டது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கிறேன், வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு. என்னிடம் இருப்பது 2018இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்தின் பம்பிள்பீ ரோபோ பொம்மை. மஞ்சள் பீட்டில் காராக மடங்கும், உள்ளங்கையில் அடங்கிவிடும். வாங்கி மூன்று வருடம். போன ஐப்பசி மழையோடு வலது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. இப்போது கார் ஆக்கினால் பின்பக்கம் ஒரு கால் துருத்திக்கொண்டு நிற்கிறது.

மூட்டுச் சந்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரும்பு ஊசியைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துரு. உப்புக் காற்று கதவுக் கீலையே தின்கிற ஊர், இது எம்மாத்திரம்!

ஹேர் டிரையரில் சூடு காட்டினேன், அசையவில்லை. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன் (தப்புதான்), தூசி ஒட்டியதுதான் மிச்சம். ஸ்குரூவைக் கழற்றப் போய் அதன் தலை வழுவழுவென்று ஆகிவிட்டது. ராமநாதபுரம் போய் ஒரு வாட்ச் கடையில் காட்டினேன். அவர் தொடவே பயந்தார். துரு நீக்கும் ஸ்பிரே அடிக்க எனக்குத் தயக்கம், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் சில பிளாஸ்டிக் விரிசல் விடும். கொஞ்சம் அழுத்தினாலே மூட்டு வெளுக்கிறது, அப்புறம் கை வைக்கவில்லை.

பிளாஸ்டிக் உடையாமல் அந்த ஊசியை எப்படி வெளியே எடுப்பது?